ஆயுதம் போட்டு எடுத்த பிரசவமும் அடக்க முடியாத நாலு வருஷமும்

மூன்று மாதத்துக்கு முன்பு என் சித்தி மகள் கைக்குழந்தையோடு வீரவநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளைக்கு அப்போது நாற்பத்தைந்து நாள். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு என்னைப் புறவாசலுக்குக் கூப்பிட்டாள். "அக்கா, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும். யார்ட்டயும் சொல்லிராத" என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் கேட்க வந்தது மலத்தை அடக்க முடியாததைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்திருந்தார்கள். துவைக்கிற கல்லில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, எனக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அன்றைக்கு அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். 2019-ல் யாராவது என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் எனக்கு நாலு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

2019 ஜனவரி, பொங்கலுக்கு அடுத்த வாரம் என் மகன் பிறந்தான். தலைப்பிரசவம், பிள்ளை 3.6 கிலோ. இரண்டு மணி நேரத்துக்கு மேல் முக்கியும் தலை இறங்கவில்லை. குழந்தையின் நாடித்துடிப்பு குறைகிறது என்று ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வந்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. "கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, தையல் போட்டாச்சு, ஆறிரும்" என்றார்கள். அவ்வளவுதான். வீட்டுக்குக் கிளம்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை நான் படிக்கவில்லை. தடுப்பூசி அட்டையோடு சேர்த்து ஒரு மஞ்சப்பையில் போட்டு பீரோ மேலே வைத்துவிட்டோம். நாலு வருஷம் கழித்து அதை எடுத்தபோது மடிப்பில் தாள் கிழியப் பார்த்தது. அதில் மூன்றாம் நிலைக் கிழிசல், மலவாய்ச் சுருக்குத்தசை தைக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. என் உடம்பில் நடந்தது என் வீட்டுப் பீரோ மேலேயே இத்தனை நாள் கிடந்திருக்கிறது. பிரசவக் கிழிசலை நாலு நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் தோல் மட்டும், இரண்டாவதில் அதற்கு அடியில் உள்ள தசை, மூன்றாவதில் மலத்தை அடக்கும் சுருக்குத்தசை, நாலாவதில் மலக்குடலின் உள்தோல் வரைக்கும். ஆயுதம் போட்டால் மூன்றாம், நாலாம் நிலைக்குப் போகும் வாய்ப்பு கூடுதல். அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது பிரசவம் ஆகியிருந்தால் அந்தத் தாளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மூன்று, நாலு என்று இருந்தால், தொந்தரவு ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

முதல் மாதமே காற்றை அடக்க முடியவில்லை. வெளிக்கு வருகிற உணர்வு வந்தால் எழுந்து போகும் நேரம்கூட இல்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்காமலே, "ஏட்டி, பிள்ள பெத்த உடம்புன்னா அப்பிடித்தான் இருக்கும். எல்லாரும் பொறுத்துக்கிட்டுத்தான இருக்கோம்" என்றாள். சரி, பச்சை உடம்பு, போகப் போகச் சரியாகும் என்று நானும் நினைத்தேன்.

ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். திருநெல்வேலி டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. வீரவநல்லூரிலிருந்து பஸ்ஸில் சேரன்மகாதேவி, பேட்டை வழியாக ஒரு மணி நேரம் ஆகும். வேலைக்குப் போன இரண்டாவது வாரம், சேரன்மகாதேவி தாண்டியதும் வயிற்றைப் புரட்டியது. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை, நிறுத்தினாலும் அந்த ரோட்டில் எங்கே போவது? கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேட்டை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று அடுத்த பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்த ஆச்சி மூக்கை மூடியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கடைக்குப் போன் பண்ணி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு என் நாள் முழுக்க கழிப்பறையைச் சுற்றியே ஓடியது. காலையில் சாப்பிடுவதை நிறுத்தினேன். கருப்பு, கத்தரிப்பூ, அடர்பச்சை நிறத்தில் மட்டும் சுடிதார் எடுத்தேன். தினமும் நாப்கின் வைத்துக்கொண்டேன், பையில் ஒரு மாற்றுத் துணி. கல்யாண வீடுகளுக்குப் போவது நின்றது. ஆனித் தேரோட்டம் அன்று எங்கள் கடைப் பிள்ளைகள் எல்லாம் ரத வீதிக்கு ஓடுவார்கள். நான் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளேயே இருந்துவிடுவேன். 2020-ல் ஊரடங்கு போட்டு கடை மூடியபோது சம்பளம் இல்லாமல் வீடு திண்டாடியது. ஆனால் பஸ் ஏற வேண்டாமே என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். அடுத்த வருஷம் முதலாளி என்னை மாடியில் பட்டுப் பிரிவுக்குச் சூப்பர்வைசராகப் போடுகிறேன் என்றார். மாதம் 1,500 ரூபாய் கூடக் கிடைக்கும். மாடியில் கழிப்பறை கிடையாது. வேண்டாம் என்றேன், காரணம் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. ராத்திரி பிள்ளையை நடுவில் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் படுத்தேன். ஏதோ கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஆனால் போன இடத்தில் எல்லாம் வார்த்தையை மாற்றிச் சொன்னேன். ஒருவரிடம் "வயிறு சரியில்லை", இன்னொருவரிடம் "அடிக்கடி பேதி ஆகுது", வேறொருவரிடம் "மூலம்னு நெனைக்கேன்". நான் சொன்ன நோய்க்கு அவர்கள் மருந்து கொடுத்தார்கள். மூலத்துக்கு என்று ஒரு இடத்தில் களிம்பும் ஊசியுமாக 9,000 ரூபாய். பொடி கொடுக்கிற ஒருவரிடம் மூன்று மாதத்துக்கு 4,500. பேதி என்று சொன்னதால் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த பரிசோதனைக்கு 8,500. அதில் ஒன்றும் இல்லை என்று வந்தது, குடலில்தான் கோளாறே இல்லையே. மாதம் 250 என்று நாலு வருஷத்து நாப்கின் 12,000. மொத்தம் 34,000 ரூபாய், அதுவும் கடனாகவும் சீட்டுப் பணமாகவும். இதற்கு நடுவில் மெடிக்கலில் நானே கேட்டு, பேதியை நிறுத்துகிற லோபரமைடு மாத்திரை வாங்கித் தின்றேன். நாலு நாள் கட்டிக்கொண்டது. ஐந்தாம் நாள், உள்ளே இறுகிக் கிடந்த மலத்தைச் சுற்றித் தண்ணியாகக் கசிய ஆரம்பித்தது. பேதி என்று நினைத்து இன்னும் இரண்டு மாத்திரை போட்டேன். மலச்சிக்கலாலும் கசிவு வரும் என்பது அப்போது தெரியாது. அந்த மாத்திரை இந்தப் பிரச்சினைக்கு மருத்துவர்களே கொடுப்பதுதான், ஆனால் அளவு அவர்கள் சொல்ல வேண்டும்.

நீங்கள் போய்ச் சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: "மலத்தை அடக்க முடியவில்லை." இதோடு இரண்டு விஷயம் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி. வருகிறது என்று தெரிந்தும் போய்ச் சேருவதற்குள் அடக்க முடியாமல் போகிறதா, இல்லை வந்ததே தெரியாமல் துணியில் படுகிறதா? இரண்டும் வேறு வேறு. முதலாவது, பெரும்பாலும் நாமாக இறுக்குகிற வெளிச் சுருக்குத்தசை பலவீனமாக இருப்பதால். இரண்டாவது, தானாகவே மூடியிருக்க வேண்டிய உள்தசையோ, உணர்வு நரம்போ சரியில்லாததால் இருக்கலாம். வாரத்துக்கு எத்தனை தடவை, காற்றா, தண்ணியா, கட்டியா என்பதையும் சொல்லுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுங்கள்.

எனக்கு அந்தச் சீட்டு எழுதும் தைரியமும் இருக்கவில்லை. 2023 ஜனவரியில் மாதவிலக்கு அதிகமாகப் போகிறது என்று பாளையங்கோட்டையில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். எல்லாம் எழுதி முடித்து, பேனாவை மூடிக்கொண்டே அவர், "தும்மும்போது ஒண்ணுக்கு கசியுதாம்மா? காத்து, மலம் அடக்க முடியுதா?" என்று, பசி எடுக்கிறதா என்று கேட்பதுபோல் கேட்டார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் கேட்டார். நான் அழுதுவிட்டேன். வெளியே இருபது பேர் காத்திருந்தும் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு முழுக்கக் கேட்டார். மலவாய்க்குள் சின்னக் கருவி வைத்து எடுக்கிற ஸ்கேனுக்கு மதுரைக்கு அனுப்பினார். சுருக்குத்தசையின் முன்பக்கம் வடு இருக்கிறது, மீதித் தசை உயிரோடு இருக்கிறது என்று வந்தது. ஆபரேஷன் பற்றிப் பிறகு பார்க்கலாம், முதலில் இடுப்புத்தள தசைக்குப் பிசியோதெரபி என்றார். பிசியோதெரபி என்றால் மூட்டுவலிக்கும் பக்கவாதத்துக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "இதையா எங்கிட்ட மறைச்ச?" என்று மட்டும் கேட்டார். எங்கள் கக்கூஸ் புறவாசல் கடைசியில் இருக்கிறது. மறுநாள் சாயங்காலம் அது வரைக்கும் வயர் இழுத்து, வழியில் இரண்டு பல்பு போட்டார்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண், பாளையங்கோட்டையிலேயே கிடைத்தார். இதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள் நம் பக்கம் குறைவு. அதனால் போவதற்கு முன் போனில், மல அடக்கமின்மைக்குப் பார்த்த அனுபவம் உண்டா என்று நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரமும் பேச்சுதான். ஒரு தாளில் படம் போட்டார். முன்பக்கத்து எலும்பிலிருந்து வால் எலும்பு வரைக்கும் இடுப்புக்கு அடியில் சேலைத் தூளி மாதிரி தசை கட்டியிருக்கிறது, மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாம் அதற்கு மேலேதான் உட்கார்ந்திருக்கின்றன என்றார். மலவாயைச் சுற்றியிருப்பது சுருக்குப்பை வாயில் ஓடுகிற கயிறு மாதிரி. என் கயிறு ஒரு பக்கம் நைந்துபோயிருக்கிறது, அதனால் தூளியையும் மிச்சக் கயிற்றையும் பலப்படுத்த வேண்டும். அப்புறம் கையுறை போட்டு விரலால் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டார். வேண்டாம் என்றால் இன்னொரு நாள் பார்க்கலாம், கூட ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்றார். கூச்சமாகத்தான் இருந்தது, வலிக்கவில்லை. இறுக்கச் சொன்னார். என்னால் இரண்டு விநாடிதான் முடிந்தது.

இதற்கு முன் செல்போனில் வீடியோ பார்த்து ஒரு மாதம் நானே பயிற்சி செய்திருந்தேன். அதைச் சொன்னதும் செய்து காட்டச் சொன்னார். நான் மூச்சைப் பிடித்து, பிட்டத்தையும் தொடையையும் இறுக்கி, அடிவயிற்றைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தேன். அதாவது பலப்படுத்த வேண்டிய தசையை ஒரு மாதமாக முக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். சிலருக்குத் தசை பலவீனமாக இல்லாமல் எந்நேரமும் இறுகியே இருக்குமாம். அவர்களுக்குத் தளர்த்தத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும், இறுக்கினால் தொந்தரவு கூடிவிடும். ஒரு தடவையாவது தெரிந்தவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அவர் சொல்லிக் கொடுத்த முறை இது. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் காற்று பிரியாமல் தடுப்போமே, அதுபோல் மலவாயை இறுக்கி உள்ளே, மேலே இழுக்க வேண்டும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றில் உள்ள கை அசையலாம், தொடை அசையக் கூடாது. முதலில் எனக்கு 3 விநாடி பிடித்து 6 விநாடி விடச் சொன்னார், அப்படி ஐந்து தடவை. விடுவதையும் முழுதாக விட வேண்டும். அதற்குப் பிறகு வேகமாக இறுக்கி இறுக்கி விடுவது பத்து. நாளைக்கு மூன்று வேளை. வாரா வாரம் ஒரு விநாடி ஏற்றி, கடைசியில் 10 விநாடி, பத்து தடவை வரைக்கும் வந்தேன். படுத்துப் பழகிய பிறகு உட்கார்ந்து, பிறகு நின்றுகொண்டு. ஒண்ணுக்குப் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாகச் செய்யாதே என்றார். இந்தப் பயிற்சியை 1948-ல் எழுதி வெளியிட்ட ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் பெயரால் கெகல் பயிற்சி என்பார்கள். அவர் சிறுநீர்க் கசிவுக்குத்தான் சொன்னார். தூளி ஒன்றே என்பதால் இதற்கும் உதவுகிறது.

ஐந்து வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆறாம் வாரம் கடையிலேயே ஒரு தடவை ஆகிவிட்டது. இனி வர மாட்டேன் என்று போனில் அழுதேன். தசை வளர மூன்று மாதமாவது வேண்டும், வயலில் நட்ட நாற்றைத் தினமும் பிடுங்கிப் பார்க்கக் கூடாது என்றார். பயோஃபீட்பேக் என்ற கருவியில் பயிற்சி கொடுக்க மதுரைக்கு மூன்று தடவை அனுப்பினார். விரல் பருமன்கூட இல்லாத ஒரு குழாயை உள்ளே வைத்து, நாம் இறுக்கும்போது திரையில் கோடு ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. என் கோடு எறும்பு ஏறுவதுபோல் ஏறியது. ஆனாலும் ஏறியது. நான் இறுக்குவது நிஜமாகவே எங்கோ போய்ச் சேருகிறது என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

பயிற்சியைவிட என் நாளை மாற்றியது அவர் சொன்ன இன்னொன்று. அவசரம் வந்தால் ஓடாதே. ஓடினால் வயிற்றில் அழுத்தம் கூடும், தூளி குலுங்கும். நின்ற இடத்தில் நின்று, அல்லது உட்கார்ந்து, நாலைந்து தடவை இறுக்கி, மெதுவாக மூச்சு விடு. அவசரம் அலை மாதிரி, ஏறிவிட்டு இறங்கும். இறங்கிய பிறகு நடந்து போ. முதலில் வீட்டில், கக்கூஸ் வாசலில் ஒரு நாற்காலி போட்டுப் பழகினேன். அரை நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து பூக்காரியிடம் இரண்டு முழம் அளந்து வாங்கி, காசு கொடுத்து, சில்லறை எண்ணி வாங்கிவிட்டுப் போனேன். அன்றைக்கு முழுக்க எனக்கு உடம்பு லேசாக இருந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் நான் செய்ததெல்லாம் தலைகீழ். காலையில் பட்டினி கிடந்து வெறும் வயிற்றில் ஸ்ட்ராங்காக டீ குடிப்பேன். காபியிலும் டீயிலும் உள்ள காஃபீன் குடலைத் தூண்டும். சாப்பிட்டதும் பெருங்குடல் அசைவது இயற்கை, அது காலையில்தான் அதிகம். அதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ள வேண்டும். இப்போது ஆறரைக்கே இரண்டு இட்லி சாப்பிட்டு, அரை மணி நேரத்தில் கக்கூஸில் போய் உட்காருவேன். பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார மாட்டேன், முக்க மாட்டேன். பஸ் ஏறும்போது குடல் காலியாக இருக்கும். மேல்நாட்டுக் கோப்பை உள்ள வீடுகளில் பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொண்டால், குத்த வைத்து உட்காரும் வாட்டம் வரும். மலம் எப்படி இருக்கிறது என்று பார்க்க பிரிஸ்டல் அட்டவணை என்று ஏழு படம் கொண்ட ஒன்று இருக்கிறது. வாழைப்பழம்போல் வழுவழுப்பாக வருகிற நாலாம் எண்தான் அடக்குவதற்கும் சுலபம், வெளியேறவும் சுலபம். இசப்கோல் மலச்சிக்கலுக்கு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது தண்ணியாகப் போவதையும் உருட்டித் திரட்டும், எனக்கு அதற்காகவே கொடுத்தார்கள். இரண்டு வாரம் சாப்பிட்டதையும் ஆனதையும் நோட்டில் எழுதியதில் என் எதிரிகள் வெளிப்பட்டன: வெறும் வயிற்று டீ, காரச்சட்னி, நெய் மிதக்கிற அல்வா. உங்களுக்கு வேறாக இருக்கும். தோல் எரிச்சலுக்குச் சோப்பை விட்டுவிட்டுத் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, துத்தநாகக் களிம்பு தடவினேன்.

பதினாலு தடவை போனேன், தடவைக்கு 500 என்று 7,000 ரூபாய். மதுரை ஸ்கேன், கருவிப் பயிற்சி, பஸ் செலவு எல்லாம் 11,000. வாரத்துக்கு மூன்று நாலு தடவை நடந்தது, நாலாம் மாதம் மாதத்துக்கு ஒன்றானது. அந்த வருஷம் ஆனித் தேரோட்டத்தன்று கடையைப் பூட்டிவிட்டு ரத வீதியில் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். இப்போதும் முழுக்கச் சரியாகிவிடவில்லை. பேதி ஆகிற நாளில் கசியும், காற்று சில சமயம் கைமீறும், பையில் மாற்றுத் துணி இருக்கிறது. பயிற்சியை விட்டால் இரண்டு மாதத்தில் தெரிகிறது. தசை பெரிதாகக் கிழிந்தவர்களுக்குத் திரும்பத் தைக்கும் ஆபரேஷனும், இடுப்பு நரம்பைத் தூண்டும் கருவியும் இருக்கின்றன. அடுத்த பிரசவம் என்று வந்தால் இந்தக் கிழிசலை முதல் மாதமே மருத்துவரிடம் சொல்லி, சுகப்பிரசவமா ஆபரேஷனா என்று பேசிவிட வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் பயிற்சியில் உட்கார்ந்துவிடாமல் முதலில் அதைப் பாருங்கள். முதுகுவலியோடு உட்காரும் இடம் மரத்துப்போய், சிறுநீர் கட்டிக்கொண்டு, கால் தளர்ந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சித்தி மகளிடம் இதையெல்லாம் சொன்ன அன்று, அம்மா அடுக்களை ஜன்னல் ஓரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தாள். "அந்த இழுத்துப் பிடிக்கிறது, என் வயசுக்கும் கேக்குமாட்டி?" என்றாள். நான் பிறந்ததிலிருந்தே அவளுக்கு இருந்திருக்கிறது. வீட்டில் வைத்துத்தான் பிரசவம், தையலே போடவில்லை. பஸ் ஏறினால் தலை சுற்றும் என்று சொல்லிச் சொல்லி, அவள் எங்கேயும் வராமல் இருந்தது எங்களுக்குப் பழகியே போயிருந்தது. அடுத்த வாரமே அவளைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். வயசு 61. இப்போது பதினோராவது வாரம், 6 விநாடி பிடிக்கிறாள். சேரன்மகாதேவி வரை இரண்டு தடவை என்னோடு பஸ்ஸில் வந்தாள். திருச்செந்தூருக்குக் கூப்பிட்டேன், ஐப்பசியில் கந்த சஷ்டி வரட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறாள்.